எண்மக் கலையில் அரசியலும் அழகியலும்: சொல்லை முன்வைத்து ஓர் ஆய்வு

1. முன்னுரை

கணிப்பொறியைக் கருவியாகவும் களமாகவும் கொண்டு படைக்கப்படும் கலை எண்மக் கலை எனப்படுகிறது. டிஜிட்டல் கலை எனவும் இது வழங்கும். இக்கலை பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் நிறம், வடிவம், அசைவு முதலிய காட்சிக் கூறுகளைச் சுற்றியே அமைகின்றன. ஆயினும் எண்மக் கலைப் படைப்புகள் பலவற்றில் மூலப்பொருளாக இருப்பது சொல்லே ஆகும். கோப்பின் பெயர், பிழைச்செய்தி, திரையில் தோன்றி மறையும் வாசகம், படத்தின்மீது இடப்படும் பெயர்ச்சீட்டு என அச்சொல் பல வடிவங்களில் அமைகிறது. எனவே இக்கலையில் அரசியலுக்கும் அழகியலுக்கும் உள்ள உறவு மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் ஆராய்வதற்குரியதாகிறது.

ஒரு படைப்பு எந்தக் கட்சியை அல்லது கொள்கையை ஆதரிக்கிறது என்பதை மட்டும் கொண்டு அதன் அரசியலை அளவிடுவது வழக்கம். எண்மக் கலையில் இவ்வளவீடு போதுமானதன்று. சொல் எவ்வாறு இயங்குகிறது, யாரால் இடப்படுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, யாருக்குத் தெரிகிறது என்பனவற்றிலேயே அதன் அரசியல் அமைந்துள்ளது. இக்கருத்தை மூன்று படைப்புகளின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

2. கருத்துப் பின்னணி

அரசியலையும் அழகியலையும் இணைத்து நோக்கிய இருபதாம் நூற்றாண்டுச் சிந்தனையாளருள் ஜெர்மானியரான வால்டர் பெஞ்சமின் குறிப்பிடத்தக்கவர். இயந்திரத்தால் கலைப்படைப்புகளைப் படியெடுக்க இயலும் காலத்தைப் பற்றி அவர் 1935இல் எழுதத் தொடங்கிய கட்டுரை, 1936இல் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாகவே முதலில் வெளிவந்தது. பாசிசம் அரசியலை அழகியற் காட்சியாக்குகிறது என்றும், அதற்கு எதிர்நிலையாகக் கலையை அரசியலாக்க வேண்டும் என்றும் அக்கட்டுரை முடிவு கூறுகிறது. அரசியலை அழகுபடுத்துவதும் கலையை அரசியலாக்குவதும் ஒன்றல்ல என்னும் வேறுபாடு பின்வந்த விவாதங்களுக்கு அடிப்படையாயிற்று.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ழாக் ரான்சியர் 2000இல் வெளியிட்ட நூலில் இவ்வுறவை வேறு வகையில் வரையறுத்தார். ஒரு சமுதாயத்தில் எது காணத்தக்கது, எது கேட்கத்தக்கது, யாருடைய ஒலி பேச்சாக ஏற்கப்படுகிறது, யாருடையது வெறும் இரைச்சலாகத் தள்ளப்படுகிறது என்னும் பங்கீடு எல்லா அரசியலுக்கும் அடியில் உள்ளது என்பது அவர் கருத்து. இப்பங்கீட்டை மாற்றியமைக்கும் ஆற்றல் கலைக்கு உண்டு. இந்நோக்கில் அழகியல் என்பது அழகு பற்றிய ஆய்வு என்ற அளவில் நிற்காமல், புலனுக்கு எட்டுவனவற்றின் ஒழுங்கமைப்பு என்னும் விரிந்த பொருளைப் பெறுகிறது. கணிப்பொறி அமைப்புகள் நாள்தோறும் செய்யும் பணியும் இத்தகைய ஒழுங்கமைப்பே. ஆகவே ரான்சியரின் வரையறை எண்மக் கலைக்குப் பெரிதும் பொருந்துகிறது.

3. பிழைச்செய்தி கலையாதல்: ஃப்ளட்நெட்

மெக்சிகோ நாட்டின் சியாப்பாஸ் மாநிலத்தில் 1994 சனவரி 1ஆம் நாள் ஸப்பாட்டிஸ்டா இயக்கத்தினர் கிளர்ந்தெழுந்தனர். வட அமெரிக்கத் தடையற்ற வணிக உடன்பாடு நடைமுறைக்கு வந்த நாளும் அதுவே. 1997 திசம்பர் 22ஆம் நாள் அம்மாநிலத்தின் ஆக்டியால் என்னும் சிற்றூரில் பழங்குடி மக்கள் 45 பேர் கொல்லப்பட்டனர். இதற்கு எதிர்வினையாக ரிகார்டோ டோமிங்கெஸ், கார்மின் கரசிக், பிரெட் ஸ்டால்பாம், ஸ்டீஃபன் ரே ஆகிய நால்வர் அடங்கிய குழு 1998இல் ஃப்ளட்நெட் என்னும் நிரலை உருவாக்கியது.

இந்நிரலின் செயல்முறை எளிது. இதனைத் தம் உலாவியில் திறந்து வைப்போரின் கணிப்பொறி, குறிக்கப்பட்ட அரசு வலைத்தளத்தைச் சில நொடிகளுக்கு ஒருமுறை மீண்டும் மீண்டும் அழைத்துக்கொண்டிருக்கும். பல்லாயிரம் பேர் ஒருங்கே இதனைச் செய்தால் அவ்வலைத்தளத்தின் வேகம் குறையும். தெருவில் நிகழும் மறியலைப் போன்ற ஒரு செயல் இது. 1998 செப்டம்பரில் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் நடைபெற்ற ஆர்ஸ் எலக்ட்ரோனிகா கலைவிழாவின்போது மெக்சிகோ அதிபரின் வலைத்தளம், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் வலைத்தளம், ஃபிராங்க்ஃபர்ட் பங்குச்சந்தையின் வலைத்தளம் ஆகியன இவ்வாறு அழைக்கப்பட்டன. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை எதிர்நிரல் ஒன்றை ஏவி இதனைத் தடுத்தது.

மறியல் என்ற அளவில் இதன் விளைவு சிறிதே. கலை என்ற நிலையில் இதன் நுட்பம் வேறோர் இடத்தில் உள்ளது. வழங்கியில் இல்லாத ஒரு பக்கத்தைக் கேட்டால், கேட்ட பக்கத்தின் பெயரைச் சுட்டி அது காணப்படவில்லை என்று வழங்கி விடைதரும். 404 என்னும் எண்ணால் குறிக்கப்படும் பிழைச்செய்தி இதுவேயாகும். ஃப்ளட்நெட் மெக்சிகோ அரசின் வழங்கியிடம் 'மனித உரிமைகள்' என்னும் பெயருடைய பக்கத்தைக் கேட்டது. மனித உரிமைகள் இவ்வழங்கியில் காணப்படவில்லை என்று அரசின் கணிப்பொறியே விடை தந்தது. ஆக்டியாலில் இறந்தோரின் பெயர்களும் இவ்வாறே கேட்கப்பட்டன. அவ்வகையில் இறந்தோரின் பெயர்கள் அரசு வழங்கியின் பதிவேட்டில் இடம்பெற்றன.

இங்கு வினைமுற்றின் பொருள் கருதத்தக்கது. ஆங்கிலத்தில் இச்செய்தியிலுள்ள வினை, தேடல் வெற்றிபெறவில்லை என்பதை மட்டுமே கூறுகிறது. பொருளின் இருப்பை அது மறுக்கவில்லை. படைப்பின் எள்ளலோ, தேடலின் தோல்வியை இருப்பின் மறுப்பாக வாசிப்பவர் கொள்வதில் பிறக்கிறது. இதனைத் தமிழில் பெயர்ப்பவர் 'இல்லை' என்றால் எள்ளல் நேரடிக் குற்றச்சாட்டாக மாறிவிடும். 'கிடைக்கவில்லை' என்றால் கேட்டவரின் குறையும் உடன் ஒலிக்கும். 'காணப்படவில்லை' என்னும் செயப்பாட்டு வடிவமே இயந்திரத்தின் நடுநிலைத் தொனியையும் அதனடியில் உள்ள குற்றச்சாட்டையும் ஒருங்கே தாங்குகிறது. காணாமற்போனோர் பற்றிப் பேசும் வழக்கையும் அது நினைவூட்டுகிறது. அலுவல் நடையின் உணர்ச்சியின்மையே இப்படைப்பின் அழகியல் ஆகும். மொழிபெயர்ப்பில் அவ்வுணர்ச்சியின்மை காக்கப்படாவிடில் அரசியலும் காக்கப்படுவதில்லை.

இப்படைப்பின்மீது எழுந்த குறையும் எண்ணத்தக்கது. பிறர் வலைத்தளத்தை முடக்க முயல்வது கருத்துரிமைக்கு எதிரானது எனக் கணிப்பொறி வல்லுநருள் ஒரு சாரார் வாதிட்டனர். தம் முயற்சி உண்மையான தாக்குதல் அன்று, அடையாள நிகழ்த்துதலே எனப் படைப்பாளர் விளக்கினர். செயலுக்கும் அடையாளத்துக்கும் இடையிலான எல்லை மங்குவது எண்மக் கலையின் இயல்புகளுள் ஒன்று. மேடையில் ஏந்தும் வாள் வெட்டுவதில்லை. வழங்கிக்கு அனுப்பும் அழைப்போ, கலை நோக்கில் அனுப்பப்பட்டாலும், அழைப்பாகவே செயற்படுகிறது.

4. வேகம் இலக்கணமாதல்: சியோல் நகர்ப் படைப்புகள்

யங்-ஹே சாங், மார்க் வோஜ் என்னும் இருவர் தென்கொரியத் தலைநகர் சியோலில் 1999 முதல் 'யங்-ஹே சாங் ஹெவி இண்டஸ்ட்ரீஸ்' என்னும் பெயரில் இயங்கி வருகின்றனர். கனரகத் தொழில் நிறுவனத்தின் பெயரை ஒத்த இப்பெயரே, பெருந்தொழிற் குழுமங்கள் ஆதிக்கம் செலுத்தும் நாட்டின்மீது செய்யப்பட்ட ஓர் எள்ளல் எனலாம். வெள்ளைப் பின்புலத்தில் கறுப்பு எழுத்துக்கள் இசையின் தாளத்துக்கு இயையத் தோன்றி மறைவது இவர்களின் படைப்பு முறை. படமில்லை, சுட்டி அழுத்துவதற்குப் பொத்தானுமில்லை. வாசிப்பவர் நிறுத்தவோ பின்செல்லவோ இயலாது.

1990களில் எண்மக் கலையின் தனிச்சிறப்பாகப் போற்றப்பட்டது ஊடாட்டம் ஆகும். வாசகர் தம் விருப்பப்படி வழியைத் தேர்ந்து செல்வது சனநாயகப் பண்பு எனக் கருதப்பட்டது. சியோல் படைப்பாளர் இதனை முற்றிலும் மறுத்தனர். வடிவமைத்தோர் முன்பே வகுத்த வழிகளுள் ஒன்றைத் தேர்வது விடுதலையாகுமா என்னும் வினா இம்மறுப்பில் பொதிந்துள்ளது. வாசகருக்கு உரிமை தருவதாகக் காட்டாமல், திரையின் ஆதிக்கத்தை வெளிப்படையாக உணரச் செய்வதே இவர்களின் உத்தி. இதுவும் ஓர் அரசியல் நிலைப்பாடே.

2000களின் தொடக்கத்தில் வெளிவந்த 'டகோடா' என்னும் படைப்பு மொழிபெயர்ப்பாளரின் தனிக் கவனத்துக்குரியது. எஸ்ரா பவுண்டு எழுதிய 'கேண்டோஸ்' தொகுதியின் முதலிரு பகுதிகளை நெருங்கி வாசித்ததன் விளைவு இது எனப் படைப்பாளர் கூறியுள்ளனர். பவுண்டின் முதற்பகுதியோ ஹோமரின் ஒடிசி காப்பியத்தின் பதினொன்றாம் காண்டத்தைத் தழுவியது. அதனையும் பவுண்டு கிரேக்க மூலத்திலிருந்து நேரே பெயர்க்கவில்லை. ஆண்ட்ரியாஸ் டைவஸ் என்பாரின் பதினாறாம் நூற்றாண்டு இலத்தீன் மொழிபெயர்ப்பின் வழியே பெயர்த்தார். கிரேக்கம், இலத்தீன், ஆங்கிலம் என வந்த மரபு, சியோலில் தாளத்தோடு ஒளிரும் எழுத்தாக நான்காம் வடிவம் பெற்றுள்ளது.

பவுண்டு இரண்டாம் உலகப்போரின்போது இத்தாலியிலிருந்து முசோலினி ஆட்சிக்கு ஆதரவாக வானொலியில் உரையாற்றியவர். அதற்காக 1943இல் அமெரிக்காவில் தேசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டவர். அரசியலை அழகுபடுத்தும் ஆட்சிமுறை என்று பெஞ்சமின் சுட்டியதன் பக்கம் நின்ற ஒரு கவிஞரின் வடிவத்தை ஆசிய நகரமொன்றின் கலைஞர்கள் எடுத்தாளுகின்றனர். அவர்தம் கையில் அது நெடுஞ்சாலைப் பயணமும் குடியும் பேச்சுமாகிய வேறொரு கதையாகிறது. வடிவம் தன்னை ஆக்கியவரின் அரசியலோடு பிரிக்க இயலாதவாறு பிணைந்தது என்னும் கருத்தையும், வடிவத்துக்கு அரசியலே இல்லை என்னும் கருத்தையும் இப்படைப்பு ஒருசேர ஐயத்துக்கு உள்ளாக்குகிறது.

இக்குழுவினர் தம் படைப்புகளைப் பல மொழிகளில் வெளியிடுகின்றனர். இங்குப் பொருள் மட்டுமன்றிச் சொல்லின் நீளமும் பெயர்க்கப்பட வேண்டியதாகிறது. ஆங்கிலத்தில் ஆறேழு சிறு சொற்களாக விரியும் ஒரு தொடர் தமிழில் 'என்னால் போகமுடியாது' என இரு சொற்களில் அடங்கும். ஆங்கிலத்தில் ஒவ்வொரு தாளத்துக்கும் ஒரு சொல் ஒளிர்ந்தால், தமிழில் ஐந்து தாளங்கள் வெறுமையாக நிற்கும். அன்றேல் சொல்லை அசைகளாகப் பிரித்துக் காட்ட வேண்டும். மேலும் ஆங்கிலத்தில் முன்னரே வெளிப்பட்டுவிடும் மறுப்பு தமிழில் வினைமுற்றின் இறுதியில் வருகிறது. வாசகர் எந்த நொடியில் மறுப்பை அறிகிறார் என்பது இத்தகைய படைப்பில் பொருளின் ஒரு பகுதி. அசைக்கும் சீருக்கும் இலக்கணம் வகுத்த யாப்பியல் மரபு இச்சிக்கலுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளரிடம் உள்ள ஆயத்தமான கருவியாகும்.

இப்படைப்புகளின் நிலைபேறும் ஓர் அரசியற் சிக்கலே. இவை ஃப்ளாஷ் என்னும் மென்பொருளில் உருவாக்கப்பட்டவை. அம்மென்பொருளுக்கான ஆதரவை அதன் உரிமை நிறுவனம் 2020 திசம்பர் 31ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. அவ்வடிவில் அமைந்த எண்ணற்ற கலைப்படைப்புகள் வேறு வடிவுக்கு மாற்றப்பட்டாலன்றி உலாவிகளில் இயங்காநிலையை அடைந்தன. ஓலைச்சுவடி கறையானால் அழிந்ததுண்டு. இங்கு அழிவை ஒரு நிறுவனத்தின் வணிக முடிவு நாள் குறித்துத் தந்தது. சுவடியைப் படியெடுத்தலும் வடிவு மாற்றலும் ஒருவகை மொழிபெயர்ப்பே என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

5. பெயரிடுதல்: இமேஜ்நெட் ரூலே

மூன்றாவது படைப்பு சொற்பொருளியலோடு நேரடித் தொடர்புடையது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் உளமொழியியலாளர் ஜார்ஜ் மில்லரின் தலைமையில் 1980களின் நடுப்பகுதியில் வேர்ட்நெட் என்னும் சொல்வலைத் திட்டம் தொடங்கியது. ஆங்கிலச் சொற்களை ஒருபொருட் பன்மொழித் தொகுதிகளாகப் பகுத்து, அவற்றை மேல்-கீழ் அடுக்குகளில் அது இணைத்தது. அகராதியியலுக்கு இது பெருந்தொண்டு. 2009இல் ஃபே-ஃபே லீ தலைமையிலான குழு அறிமுகப்படுத்திய இமேஜ்நெட் என்னும் படத்தொகுப்பு, இச்சொல்வலையின் பெயர்ச்சொற்களைச் சட்டகமாகக் கொண்டது. இணையத்திலிருந்து திரட்டப்பட்ட படங்களைக் கூலிக்கு அமர்த்தப்பட்ட இணையப் பணியாளர்கள் சொற்களோடு பொருத்தினர். நாளடைவில் இத்தொகுப்பு ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் படங்களும் 20,000க்கு மேற்பட்ட வகைகளும் கொண்டதாக வளர்ந்தது. படங்களை இனங்காணக் கணிப்பொறியைப் பயிற்றும் ஆய்வுகளுக்கு இதுவே நெடுங்காலம் அடித்தளமாக இருந்தது.

நாய், நாற்காலி, ஆரஞ்சு ஆகிய சொற்களுக்குப் படம் பொருத்துவதில் பெருஞ்சிக்கல் இல்லை. ஆயின் 'ஆள்' என்னும் தலைச்சொல்லின்கீழும் 2,832 வகைகள் இருந்தன. அவற்றுள் கடனாளி, பாசாங்குக்காரர், தோல்வியுற்றவர், திருட்டு நோயர், முதிர்கன்னி எனத்தக்க பெயர்களும் வசைச்சொற்களும் கலந்திருந்தன. இவற்றின்கீழும் மனிதர்களின் ஒளிப்படங்கள் அடுக்கப்பட்டிருந்தன.

கலைஞர் ட்ரெவர் பேக்லனும் ஆய்வாளர் கேட் கிராஃபோர்டும் 2019 செப்டம்பரில் இத்தாலியின் மிலான் நகரில் ஒரு கண்காட்சியை அமைத்தனர். அதனையொட்டி இமேஜ்நெட் ரூலே என்னும் வலைத்தளமும் வெளியிடப்பட்டது. ஒருவர் தம் ஒளிப்படத்தை அளித்தால், 'ஆள்' வகைகளால் பயிற்றப்பட்ட நிரல் அவர் முகத்தைச் சுற்றிக் கட்டமிட்டுப் பெயர்ச்சீட்டு ஒன்றை ஒட்டும். சிலர்க்கு வேடிக்கையான பெயர் கிடைத்தது. கறுப்பினத்தவர் ஒருவரின் படத்துக்குத் தீங்கிழைத்தவர், குற்றவாளி எனும் பொருள்படும் பெயர் கிடைத்தது. இனஞ்சார்ந்த இழிபெயர்களும் சிலர்க்கு இடப்பட்டன. மறைவிலிருந்த ஒரு வகைப்பாட்டை, அதற்கு உள்ளாவோரே தம் முகத்தின்மீது காணச் செய்தது இப்படைப்பு. காணத்தக்கவற்றின் பங்கீட்டை மாற்றுதல் என்று ரான்சியர் கூறியதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.

இதன் விளைவு கலையரங்கோடு நின்றுவிடவில்லை. 'ஆள்' வகைகள் 2,832இல் 1,593 வகைகள் தகாதவை எனவும், அவற்றுக்குரிய 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் நீக்கப்படும் எனவும் இமேஜ்நெட் குழுவினர் அறிவித்தனர். அக்குழுவினர் சில காலமாகவே இவ்வாய்வில் ஈடுபட்டிருந்தனர் என்பதும் கூறத்தக்கது. எஞ்சிய 1,239 வகைகளுள்ளும் படத்தால் காட்டத்தக்கவை 158 மட்டுமே என அவர்கள் கண்டனர்.

இந்த 158 என்னும் எண் மொழியியலார்க்கு முக்கியமானது. பெயர்ச்சொல் அனைத்தும் காணத்தக்க பொருளைச் சுட்டுவன அல்ல. கடனாளி என்பது ஒருவர்க்கும் இன்னொருவர்க்கும் இடையிலான உறவைச் சுட்டும் பெயர். அவ்வுறவு முகத்தில் எழுதப்பட்டிருப்பதில்லை. உறவுச்சொல்லைப் பண்புச்சொல்லாகவும், பண்புச்சொல்லைப் புறத்தோற்றமாகவும் மாற்றும்போது, காட்சியில் இல்லாத பொருளை நிரப்ப முற்சாய்வே முன்வருகிறது. ஏழ்மைத் தோற்றம் கடனாளிக்கும், கறுப்பு நிறம் குற்றவாளிக்கும் அடையாளமாகிவிடும் வழி இதுவே. தீய நோக்குடைய ஒருவர் இதனைத் திட்டமிட வேண்டுவதில்லை. ஓர் அகராதியை அதன் பயன்பாட்டெல்லைக்கு அப்பால் கொண்டுசெல்வதே போதுமானது.

அவ்வகைகளுள் 'ஆளல்லாதவர்' எனத்தக்க ஒன்றும் இருந்தது. வேர்ட்நெட்டில் அதன் உடன்பொருட்சொல், ஜார்ஜ் ஆர்வெல் 1949இல் வெளியிட்ட '1984' நாவலில் கொடுங்கோன்மையைச் சாடுவதற்குப் படைத்த சொல்லாகும். அரசால் இருப்பே மறுக்கப்பட்டவரைக் குறிக்க உருவான அச்சொல், 'ஆள்' என்னும் தலைப்பின்கீழ் ஒரு வகையாக அடுக்கப்பட்டது. சொல்லின் வரலாற்றையும் தொனியையும் நீக்கி இடத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் வகைப்பாட்டில், எதிர்ப்புச்சொல்லும் பெயர்ச்சீட்டாகிவிடுகிறது.

இப்படைப்பும் குறைக்கு அப்பாற்பட்டதன்று. இசைவின்றித் திரட்டப்பட்ட படங்களைக் கண்டித்த கலைஞர்களே, ஆய்வுக்கென எடுக்கப்பட்ட மனிதர்களின் முகப்படங்களை அவர்தம் இசைவின்றிக் காட்சிக்கு வைத்தனர் எனப் பின்னர்க் குற்றஞ்சாட்டப்பட்டது. வெளிப்படுத்தும் செயலும் மீண்டும் ஒருமுறை காயப்படுத்தக்கூடும். அரசியல் நோக்கம் நேரியது என்பதனால் அழகியல் தேர்வுகள் யாவும் நேரியன ஆகிவிடுவதில்லை.

6. இந்திய மொழிச் சூழல்

இச்சிக்கல் ஆங்கிலத்தோடு முடிவதன்று. இந்தி மொழிக்கான சொல்வலை, பிரின்ஸ்டன் சொல்வலையின் கோட்பாட்டைப் பின்பற்றி மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உருவானது. தமிழ் உள்ளிட்ட பிற இந்திய மொழிகளின் சொல்வலைகள் இந்திச் சொல்வலையின் தொகுதிகளோடு இணைக்கப்பட்டு இந்தோ வேர்ட்நெட் என்னும் அமைப்பில் அடங்குகின்றன. ஒரு மொழியில் வகுக்கப்பட்ட பொருட்தொகுதியைப் பிறமொழிச் சொற்களால் நிரப்பும் இம்முறை காலத்தையும் உழைப்பையும் மிச்சப்படுத்துகிறது. ஆயினும் மூலமொழியின் பகுப்பே பொதுப் பகுப்பாகிவிடும் இடரும் இதில் உண்டு. பெரியப்பா, சித்தப்பா, மாமா ஆகிய மூன்றையும் ஆங்கிலம் ஒரே சொல்லால் சுட்டுவது அறிந்ததே. அச்சொல்லின்கீழ் ஒரு படத்தை இடும்போது தமிழின் உறவமைப்பு மறைந்துவிடுகிறது.

தமிழ் இலக்கண மரபு இத்தகைய வகைப்பாட்டு விவாதத்துக்குப் புதியதன்று. சொல்லதிகாரத்தைத் தொடங்கும் தொல்காப்பியர் முதற்கண் உயர்திணை, அஃறிணை என்னும் பகுப்பையே கூறுகிறார். மக்கள் என்று கருதப்படுவோரை உயர்திணை என்கிறார். நன்னூலார் தேவரையும் நரகரையும் அதனுள் சேர்க்கிறார். யார் உயர்திணையுள் அடங்குவர் என்பது இலக்கண ஆசிரியர்தம் உலகநோக்கிற்கேற்ப மாறியுள்ளது. வகைப்பாடு இயற்கையில் கிடப்பதன்று, செய்யப்படுவது என்பதற்கு இது சான்று.

ஆங்கிலப் பெயர்ச்சீட்டுகளைத் தமிழாக்குவோர் வேறொரு தேர்வையும் செய்யவேண்டியுள்ளது. ஆங்கிலத்தில் பாலும் மதிப்பும் குறியாத ஒரு பெயர் தமிழில் 'அன்', 'அள்', 'அர்' என்னும் விகுதிகளுள் ஒன்றை வேண்டுகிறது. திருடன் என்றால் ஆண் எனவும் இழிவு எனவும் இரு தீர்ப்புகள் ஒருங்கே வழங்கப்படுகின்றன. முதிர்கன்னி என்னும் சொல் திருமணத்தைப் பெண்ணின் அளவுகோலாகக் கொள்கிறது. மணமாகாதவர் என்னும் சொல் அவ்வளவுகோலை ஓரளவு விலக்குகிறது. திரையில் ஒரு முகத்தருகே தோன்றவிருக்கும் சொல்லைத் தெரிவு செய்யும் மொழிபெயர்ப்பாளர், அம்முகத்துக்குரியவரின் மதிப்பையும் தெரிவு செய்கிறார்.

7. முடிவுரை

மேற்கண்ட மூன்று படைப்புகளும் பெரும்பாலும் எளிய சொற்களால் ஆனவை. ஃப்ளட்நெட்டில் ஒரு வினைமுற்றும், சியோல் படைப்புகளில் சொல் நிற்கும் கால அளவும், இமேஜ்நெட் ரூலேயில் ஒரு பெயர்ச்சொல்லும் அரசியலைச் சுமக்கின்றன. எனவே எண்மக் கலையில் அழகியல் என்பது அரசியலின்மீது போர்த்தப்படும் ஆடையன்று. சொல்லை வைக்கும் முறையே அதன் அரசியலாக அமைகிறது.

இத்தகைய படைப்புகளைத் தமிழில் விளக்கவோ பெயர்க்கவோ முற்படுவோர் பொருளோடு தொனி, கால அளவு, வகைப்பாட்டில் சொல் பெறும் இடம் ஆகிய மூன்றையும் கருத்திற்கொள்ளுதல் வேண்டும். இந்திய மொழிகளுக்கான சொல்வலைகளும் படத்தொகுப்புகளும் விரிவடைந்துவரும் இந்நாளில், மனிதரைச் சுட்டும் பெயர்களுள் எவை படத்துக்கு இடத்தக்கவை, எவை இடத்தகாதவை என்பதை அந்தந்த மொழியின் சொற்பொருள் மரபைக் கொண்டு முன்கூட்டியே ஆராய்வது மொழியியலார் கடமையாகும். அவ்வாய்வு தொகுப்பு முடிந்தபின் செய்யப்படும் திருத்தமாக இராமல், அதன் தொடக்கப் பணியாக அமைதல் வேண்டும்.